உடன்பிறப்போடு சேர்ந்து கருத்து நகை செய்யப் போகிறீர்களா? மட்டக்களப்பிலிருந்து ஒரு வழிகாட்டி

நானும் தம்பியும் கல்லடியில் எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில் இருந்து அணியும் கலைப்பொருட்கள் செய்கிறோம். அவன் நகரத்தில் ஒரு பத்தரிடம் இருந்து உருக்கவும் பற்றவைக்கவும் கற்றவன். நான் ஓவியம் படித்துவிட்டு நூலிலும் நாரிலும் வேலை செய்தவள். செய்யும் வேலை எங்களுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. பதிவு, பத்திரம், விலை, கண்காட்சி, பார்சல் என்று சுற்றியதில்தான் இரண்டு வருடத்துக்கு மேல் போனது. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ அக்கா தங்கையாக, அண்ணன் தம்பியாக இதைத் தொடங்கும் யாரும் அந்த இரண்டு வருடத்தைத் திரும்பக் கட்டக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒரு விசயத்தை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். கருத்து நகை என்றால் பவுண் கணக்கு பார்க்கும் நகை இல்லை. சுவிஸ் கலைஞர் ஓட்டோ குன்ஸ்லி 1980இல் ஒரு காப்பு செய்தார். கறுப்பு ரப்பர் குழாய், அதற்குள்ளே ஒரு பொன் உருண்டை. வெளியே தெரிவது ஒரு சிறு புடைப்பு மட்டும். உள்ளே பொன் இருக்கிறது என்று நம்பித்தான் போட வேண்டும். நகையின் பெறுமதி எங்கே இருக்கிறது என்ற கேள்விதான் அந்தக் காப்பு. நீங்கள் செய்வதும் இந்த வகை என்றால் கடைக்காரரும் வங்கியும் கந்தோரும் உங்களைச் சாதாரண நகைக்கடையாகவே பார்ப்பார்கள். ஒவ்வொரு இடத்திலும் விளக்க வேண்டி வரும். அதற்குத் தயாராக இருங்கள்.

1. யாருடையது எது என்று முதலில் எழுதுங்கள்

மற்ற எல்லாவற்றையும் விட இதுதான் முக்கியம். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

நாங்கள் முதலில் விற்றது ஒரு கழுத்தணி. வீச்சுவலை முடிச்சைப் பார்த்து நான் நைலோன் நூலில் முடிந்தேன்; அடியில் தொங்கும் குண்டுகளைத் தம்பி வெள்ளியில், உள்ளே வெறுமையாக, ஒவ்வொன்றாகச் செய்தான். எண்ணம் இருவருடையதும். ஒரு கண்காட்சியில் வைத்தபோது பெயர்ச்சீட்டில் அவன் பெயர் மட்டும் இருந்தது. காசோலையும் அவன் பெயருக்கு. "ரெண்டு பேர்ட பேரையும் சொல்லித்தான் குடுத்தன் அக்கா, அவங்க எழுதல்ல" என்றான். பாதிக் காசை அன்று பின்னேரமே கொண்டுவந்து தந்தான். ஆனாலும் அடுத்து வந்த வேலை "நகை செய்யும் தம்பி"க்கு மட்டும் வந்தது. நான் உதவிக்கு நிற்பவள் ஆகிவிட்டேன். ஒரு கிழமை நாங்கள் இருவரும் சரியாகக் கதைக்கவில்லை. அவனில் பிழை இல்லை, என்னிலும் இல்லை. கையில் காட்ட ஒரு தாள் இல்லாததுதான் பிழை.

சட்டமும் இதையே கேட்கிறது. இலங்கையில் மூலதனம் 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்தும் வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் இருவருக்கும் இடையில் அதை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஒரு ஊதுகுழலும் சிறு தராசும் வாங்கினாலே 1,000 ரூபா தாண்டிவிடும். அதேநேரம், எழுத்தில் இல்லை என்பதற்காக வெளியாள் உங்கள் இருவர்மேலும் கடனுக்கு வழக்குப் போடுவது நிற்காது. பங்குடைமையில் ஒருவர் வாங்கிய கடன் மற்றவரின் சொந்தச் சொத்து வரைக்கும் வரும். உடன்பிறந்தவர்கள் என்றால் அது பெரும்பாலும் அம்மா அப்பா தந்த வீடுதான்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவை:

– யார் எவ்வளவு காசு, என்ன கருவி கொண்டு வந்தது. பத்தரிடம் வாங்கிய பழைய கம்பியச்சு யாருடையது என்பது வரைக்கும்.
– இலாபம் எப்படிப் பிரியும். பாதிக்குப் பாதியா, வேலை செய்த மணித்தியாலப்படியா?
– பெயர்ச்சீட்டில் பெயர்கள் எந்த ஒழுங்கில் வரும்.
– ஒருவர் தனியாகச் செய்யும் வேலை இதற்குள் அடங்குமா, அடங்காதா.
– விற்காமல் இருக்கும் துண்டுகள் யாரிடம் இருக்கும்.
– ஒருவர் கல்யாணம் முடித்துப் போனால், வெளிநாடு போனால், இறந்தால் என்ன செய்வது.

கடைசி வரியை எழுதும்போது அம்மா பக்கத்தில் இருந்தார். "என்ன கதை கதைக்கிறீங்க" என்று எழும்பிப் போய்விட்டார். ஆனாலும் எழுதத்தான் வேண்டும். பங்காளர் ஒருவர் இறந்தால், வேறு மாதிரி எழுதி வைக்காதவரை பங்குடைமை அத்தோடு கலைந்துவிடும்.

நொத்தாரிசு கட்டாயம் இல்லை. தமிழில் எழுதி, இருவரும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திட்டு, குடும்பத்துக்கு வெளியே இரண்டு சாட்சி வைத்தால் போதும். மூன்று பிரதி எடுங்கள். ஒரு பிரதி வங்கிக்குப் போகும். இரண்டு பின்னேரம் ஒதுக்கினால் முடிந்துவிடும்.

2. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

எங்கள் பக்கத்தில் பொருளுக்குக் குறைவில்லை. மருதமுனைத் தறிகளில் மிஞ்சும் நூல், பாய் இழைக்கும் பன்புல், பனையோலை, வாவிக்கரை மட்டிச் சிப்பி, பழைய வலை. வடமோடிக் கூத்துக்கு அரசர்மார் போடும் கரப்புடுப்பையும் (வளையம் வைத்து விரித்த உடுப்பு) புஜக்கட்டையும் (தோளணி) ஒருதரம் பக்கத்தில் இருந்து பாருங்கள். பெரிய உருவத்தை உடம்பில் எப்படித் தாங்க வைப்பது என்று எந்தப் பள்ளிக்கூடமும் அதைவிட நன்றாகச் சொல்லித் தராது.

தெரியாமல் மாட்டிக்கொள்ளும் பொறிகள் இவை.

ஈயம். வீச்சுவலையில் கிடக்கும் குண்டு ஈயம். அழகாக இருக்கும், கையில் கனமாக விழும். தோலில் படும் எதிலும் அதைப் போடாதீர்கள், உருக்கவும் வேண்டாம். ஐரோப்பாவில் நகையில் ஈயம் எடையில் 0.05 சதவீதத்துக்கு மேல் இருந்தால் விற்க முடியாது. நாங்கள் வெள்ளிக் குண்டுக்குப் போனது இதனால்தான்.

ஜெர்மன் சில்வர். பெயரில்தான் வெள்ளி. அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. நிக்கல் பலருக்குத் தோலில் சொறியும் கொப்புளமும் கொண்டு வரும். நீங்கள் வெள்ளி என்று நம்பி வாங்கி, வெள்ளி என்று சொல்லி விற்றால், ஏமாற்றியவர் நீங்களாகிவிடுவீர்கள். வாங்கும்போது உரைத்துப் பார்க்கத் தெரிந்த பத்தரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

கே.டி.எம். பொடி. நகையைப் பற்றவைக்கப் பாவிப்பது. அதில் கட்மியம் என்ற நச்சு உலோகம் உண்டு. பற்றவைக்கும்போது எழும் புகை நுரையீரலைக் கெடுக்கும். கட்மியம் இல்லாத பற்றாசு (பற்றவைக்கும் உலோகக் கலவை) கேட்டு வாங்குங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

முருகைக்கல் (பவளப்பாறை), ஆமையோடு, யானைத்தந்தம், யானை முடி, மயிலிறகு. பாசிக்குடாவில் கரையொதுங்கிய முருகைக்கல்தானே என்று பொறுக்காதீர்கள். கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் வனசீவராசிகள் சட்டமும் இவற்றைக் காக்கின்றன. யானை முடி மோதிரம் ஊரில் பலர் கையில் இருக்கும். அதைப் பார்த்து நீங்களும் செய்ய வேண்டாம். சங்கு வெளிநாட்டுக்குப் போவதானால் தனி அனுமதி வேண்டும்.

தோட்டாக் கோது. எங்கள் மண்ணின் கதையைச் சொல்ல நினைக்கும் யாருக்கும் இந்த எண்ணம் வரும். எங்களுக்கும் வந்தது. வைத்திருப்பதே பொலிஸ் விசாரணைக்கு இடம் கொடுக்கும். விமான நிலையத்தில் பெட்டி திறக்கப்படும். அந்த வடிவம்தான் வேண்டுமென்றால் மெழுகில் செதுக்கிப் பித்தளையில் வார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். வார்த்தது என்று தெரிவதே அந்தத் துண்டுக்கு இன்னொரு அர்த்தம் கொடுத்தது.

பழைய காசு, பழைய செப்புத் துண்டு. தொல்பொருளாகக் கருதப்படும் எதையும் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு அனுப்ப முடியாது. பாட்டி தந்தது என்று சொல்வது அனுமதி ஆகாது.

வாங்கும் ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். பழைய இரும்புக் கடையில் வாங்கினாலும் ஒரு கொப்பியில் திகதி, கடை, எடை, விலை எழுதுங்கள். பின்னால் விலை போடும்போதும் சுங்கத்திலும் அந்தக் கொப்பிதான் உங்களுக்காகப் பேசும்.

3. உடம்பில் போட்டு ஒரு நாள் இருங்கள்

மேசையில் நன்றாக இருக்கும், கழுத்தில் இராது. எங்கள் வலைக் கழுத்தணி முதல் முறை 640 கிராம். தம்பி அதைப் போட்டுக்கொண்டு கல்லடிப் பாலம் வரை நடந்துவிட்டு வந்தான். பிடரியில் சிவந்த ஒரு கோடு, நூல் முடிச்சின் அச்சு அப்படியே. குண்டுகளின் தகட்டை மெலிதாக்கி, பாரம் தோளுக்குப் பிரியும்படி பட்டியை அகலமாக்கினோம். 310 கிராமுக்கு வந்தது. அதே உருவம்தான்.

காதணி என்றால் ஒரு காதுக்கு 12 கிராமைத் தாண்டாதீர்கள். இது எங்கள் அனுபவக் கணக்கு. கொழுக்கியும் சுரையும்தான் முதலில் உடையும் இடம். எண்ணத்தில் வைக்கும் கவனத்தில் பாதியாவது அங்கே வையுங்கள். இன்னொன்று, எங்கள் ஊர் வியர்வையும் உப்புக் காற்றும். செம்பும் பித்தளையும் இரண்டு நாளில் பச்சைக் களிம்பு விடும். அது வேண்டுமென்றே விடப்பட்டதா, துடைக்க வேண்டியதா என்று முடிவெடுத்து, வாங்குபவருக்கு எழுதிக் கொடுங்கள். எங்கள் ஒரு காப்பை வாங்கியவர் அன்போடு புளி போட்டுத் தேய்த்துவிட்டார். நாங்கள் ஆறு மாதம் வாவிக்காற்றில் வைத்து எடுத்த நிறம் அத்தோடு போனது.

4. கிராம சேவகர் (ஜி.எஸ்.) தொடங்கிப் பிரதேச செயலகம் வரை

வியாபாரப் பெயர்ப் பதிவு உங்கள் பிரதேச செயலகத்தில் நடக்கும். கல்லடி என்றால் மண்முனை வடக்கு. படிவத்தை அங்கே வாங்கிக்கொள்ளுங்கள். தனியாள், பங்குடைமை என்று படிவம் வேறு வேறு. உங்களுக்கு வேண்டியது பங்குடைமைப் படிவம். எங்களுக்கு ஒரு இடத்தில் தனியாள் படிவத்தைத் தந்து, "தம்பிட பேர்ல போடுங்க, லேசு" என்றார்கள். இதைக் கேட்டு நடந்தால் முதலாம் படியில் எழுதியதெல்லாம் வீண்.

கொண்டுபோக வேண்டியவை: இருவரின் அடையாள அட்டையும் பிரதியும், ஜி.எஸ். உறுதிப்படுத்தல், வேலை செய்யும் இடத்தின் உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம், இடம் பெற்றோர் பெயரில் என்றால் அவர்களின் சம்மதக் கடிதம், மின்கட்டணச் சிட்டை, எழுதிய ஒப்பந்தம். எல்லாவற்றிலும் மூன்று போட்டோக் கொப்பி.

இங்கே ஒரு பொறி, உடன்பிறந்தவர்களுக்கென்றே வைத்த மாதிரி. எனது அட்டையில் அப்பாவின் பெயர் ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கூட்டு, தம்பியின் அட்டையில் இன்னொன்று. பத்திரத்தைப் பார்த்தவருக்கு நாங்கள் ஒரே தகப்பன் பிள்ளைகள் என்பதே சந்தேகம். இருவரின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்து, சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து இணைத்த பிறகுதான் சரிவந்தது. நீங்கள் முதல் நாளே இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள். வங்கியிலும் இதே கேள்வி வரும்.

தொழிலின் தன்மை என்ற இடத்தில் "நகை வியாபாரம்" என்று மட்டும் எழுதாதீர்கள். "அணியும் கலைப்பொருட்கள், கைவினைப் பொருட்கள் வடிவமைப்பும் உற்பத்தியும் விற்பனையும்" என்று எழுதுங்கள். வலையும் பன்புல்லும் விற்கும்போது அது உதவும். பெயரைப் பதிந்தால் அது வேறு யாரும் பாவிக்க முடியாத வியாபாரக் குறி ஆகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். அது வேறு பதிவு.

நெருப்பும் அமிலமும் பாவிக்கும் பட்டறை என்றால் மாநகர சபையிலோ பிரதேச சபையிலோ வியாபார அனுமதிப்பத்திரம் கேட்பார்கள். அது டிசம்பர் 31இல் முடியும். நவம்பரில் போய்க் காசு கட்டினால் இரண்டு மாதத்துக்குத்தான் கட்டியிருப்பீர்கள். தை மாதத்தில் போங்கள்.

ஜி.எஸ். கந்தோரில் இருக்கும் நாட்களை முன்பே கேட்டுவிட்டுப் போங்கள். இந்தப் படி முழுவதற்கும் ஒரு மாதம் ஒதுக்குங்கள். மாரி மழைக்குள், ஐப்பசி முதல் மார்கழி வரை, வைத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளம் வந்தால் பிரதேச செயலகத்துக்கு நிவாரண வேலையே தலைக்கு மேல் இருக்கும்.

5. வரி இலக்கம், வங்கிக் கணக்கு, கைவினையாளர் பதிவு

இவை லேசானவை. உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் வரி இலக்கம் இருவருக்கும் தனித்தனியே வேண்டும். 18 வயதைத் தாண்டியவர்கள் 2024 முதல் இதற்குப் பதிய வேண்டியவர்கள்தான். இணையவழியில் செய்யலாம். இலக்கம் எடுத்தால் உடனே வரி கட்ட வேண்டும் என்று பயப்பட வேண்டாம். வருமானம் எல்லையைத் தாண்டினால்தான் வரி.

வங்கியில் பங்குடைமைப் பெயரில் கணக்குத் திறக்கும்போது "ஒருவர் கையெழுத்துப் போதுமா, இருவரும் வேண்டுமா" என்பார்கள். இருவரும் என்று போடுங்கள். கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் ஒருவர் ஊரில் இல்லாதபோது என்ன நடந்தது என்ற கேள்வியே வராது.

தேசிய அருங்கலைகள் பேரவையில் கைவினையாளராக இருவரும் பதியுங்கள். அரசின் கைவினைக் கண்காட்சிகளுக்கும் போட்டிகளுக்கும் அந்தப் பதிவு வழி திறக்கும். செய்த இரண்டு மூன்று துண்டுகளைக் கையோடு கொண்டுபோங்கள். "இது என்ன நகை?" என்று கேட்டால் கோபப்படாமல் போட்டுக் காட்டுங்கள்.

6. வெள்ளி என்று எழுதினால் வெள்ளியாக இருக்கட்டும்

925 வெள்ளி என்றால் 100 கிராமில் 92.5 கிராம் வெள்ளி, 7.5 கிராம் செம்பு. நீங்களே மூசையில் உருக்கிக் கலந்தால் எடையை மில்லிகிராமில் பாருங்கள். வெண்காரத்தில் ஒட்டிப் போவதையும் அரத்தூளையும் சேர்த்துத்தான் சேதாரம். தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை கொழும்பு 3இல் இருக்கிறது. அங்கே தரம் சோதித்து முத்திரை பதிக்கலாம். ஒவ்வொரு துண்டுக்கும் போக வேண்டாம். ஒரே உருக்கில் செய்தவற்றைச் சேர்த்துக் கொண்டுபோங்கள். மீனகயா இரவு ரயிலில் ஏறினால் விடியக் கொழும்புக் கோட்டை. வேலை முடித்து அடுத்த இரவே திரும்பலாம்.

நூலும் வெள்ளியும் கலந்த துண்டானால், நூல் சேர்க்கும் முன்பே சோதனைக்குக் கொடுங்கள். முத்திரை விழும் இடத்தையும் தகட்டில் விட்டு வையுங்கள். இரத்தினக்கல் பதிப்பதானால் அதன் வியாபாரத்துக்கு அனுமதிப்பத்திரம் தனி. கல் இல்லாமல் தொடங்குவது நல்லது.

7. காட்டும் முன் பதியுங்கள்

இதில் நாங்கள் ஒரு வடிவத்தை இழந்தோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி கைத்தொழில் வடிவத்தைப் பதியலாம். ஐந்து வருடம், பிறகு ஐந்து ஐந்தாக இரண்டு முறை நீட்டலாம், மொத்தம் 15 வருடம். ஆனால் வடிவம் புதியதாக இருக்க வேண்டும். நாங்கள் முகநூலில் படம் போட்டோம், ஆயிரம் பேர் பார்த்தார்கள், மகிழ்ந்தோம். அதன் பிறகு பதிய நினைத்தபோது அது புதியதாக இல்லை. ஒரே மாதிரிப் பல செய்து விற்க நினைக்கும் வடிவத்தை மட்டும் பதியுங்கள். விண்ணப்பம் கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு. அது கையளித்த பிறகே படம் வெளியே போக வேண்டும்.

ஒன்றே ஒன்றாகச் செய்யும் கலைப்படைப்புக்குப் பதிவு தேவையில்லை. பதிப்புரிமை தானாக உண்டு. கலைப்படைப்பு என்றால் செய்தவரின் ஆயுளும் அதற்குப் பின் 70 வருடமும், கூட்டுப் படைப்பானால் கடைசியாக உயிரோடு இருந்தவரின் இறப்பிலிருந்து. பாவனைப் பொருளோடு சேர்ந்த கலை என்று கொண்டால் செய்த நாளிலிருந்து 25 வருடம்தான். இந்த இரண்டில் உங்கள் வேலை எது என்பதைப் பிறகு ஒருவர் தீர்மானிக்க வேண்டி வரலாம். ஆகவே முதல் கிறுக்கலில் இருந்து எல்லாத் தாளையும் திகதியிட்டு, இருவரும் கையெழுத்திட்டு வையுங்கள். பெயரைப் படைப்போடு போடச் சொல்லும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. அந்த ஒற்றைப் பெயர்ச்சீட்டு நாளில் எனக்கு இது தெரியாது.

8. விலை

இந்தக் கணக்கை ஒருதரம் நீங்களே போட்டுப் பாருங்கள். வெள்ளி கிராம் 400 ரூபா என்று வைத்துக்கொள்வோம். விலை நாளுக்கு நாள் மாறும், அன்றைய விலையைப் போடுங்கள். 60 கிராம் வெள்ளி 24,000. பத்து வீதம் சேதாரம் 2,400. நூல், பற்றாசு, எரிவாயு 3,000. அக்கா 40 மணித்தியாலம், தம்பி 30, மணிக்கு 500 வீதம் 35,000. படம் எடுத்த செலவின் பங்கு 2,000. கொழும்புப் பயணத்தின் பங்கு 3,600. மொத்தம் 70,000.

காட்சிக்கூடம் 40 வீதம் எடுக்கிறது. பலர் 70,000இன் மேல் 40 வீதம் சேர்த்து 98,000 என்று விலை வைக்கிறார்கள். காட்சிக்கூடம் எடுப்பது 98,000இல் 40 வீதம், அதாவது 39,200. கையில் வருவது 58,800. செலவை விட 11,200 குறைவு. சரியான கணக்கு 70,000ஐ 0.6ஆல் வகுப்பது: ஏறக்குறைய 1,16,700. எங்கள் முதல் மூன்று துண்டுகளும் அந்தப் பிழையான கணக்கில்தான் போயின.

இருவரும் ஒரே வீட்டில் இருப்பதால் மணித்தியாலத்தை யாரும் எழுத மாட்டீர்கள். எழுதுங்கள். சோறு ஆக்கிவிட்டு வந்து இரவு பத்து மணிக்கு முடிந்த முடிச்சும் மணித்தியாலம்தான். பெரும்பாலும் இந்த நேரம்தான் அக்காமாரின் கணக்கில் விடுபடும்.

9. காட்சிக்குக் கொடுக்கும்போது

கையளிக்கும் தாள் இல்லாமல் ஒரு கம்மலைக்கூடக் கொடுக்காதீர்கள். அதில் வர வேண்டியவை: துண்டின் பெயர், இருவர் பெயரும் ஒப்பந்தத்தில் உள்ள ஒழுங்கில், பொருள், எடை, விலை, கூடத்தின் வீதம், திரும்பத் தரும் திகதி, விற்றால் எத்தனை நாளில் காசு, தொலைந்தால் அல்லது உடைந்தால் யார் பொறுப்பு, காசு போக வேண்டிய கணக்கு இலக்கம். துண்டின் முன், பின், கொழுக்கி என்று படம் எடுத்து இணையுங்கள். இரு தரப்பும் கையெழுத்து.

ஒரு கூடத்தில் எங்கள் இரண்டு துண்டுகள் ஏழு மாதம் கிடந்தன. திரும்பத் தரும் திகதியை நாங்கள் எழுதவில்லை. கேட்கும்போதெல்லாம் "அடுத்த காட்சிக்கு வைக்கப் போறோம்" என்றார்கள். திரும்பி வந்தபோது ஒன்றின் பன்புல் பூஞ்சணம் பிடித்திருந்தது. அதைத் திரும்பப் பின்ன எனக்கு ஒன்பது நாள் எடுத்தது.

கொழும்பில் 2013 முதல் நடக்கும் கொழும்பஸ்கோப் கலை விழா போன்றவற்றையும், மியூனிக்கில் 1959 முதல் நடந்து வரும் ஷ்முக் நகைக் காட்சி போன்ற வெளிநாட்டுக் காட்சிகளையும் கவனித்துக்கொண்டு இருங்கள். முதலில் கேட்பது படமும் சிறு குறிப்பும்தான். ஆள் போட்டிருக்கும் படம் ஒன்று, வெறும் துண்டு வெள்ளைப் பின்னணியில் ஒன்று. குறிப்பை 150 சொல்லுக்குள் முதலில் தமிழில் எழுதுங்கள்; பிறகு ஆங்கிலத்துக்குக் கொண்டுபோங்கள். முதலிலேயே ஆங்கிலத்தில் எழுதியபோது எங்கள் வலை யாருடைய வலையோ ஆகிவிட்டது.

காட்சித் திகதியில் இருந்து பின்னோக்கி எண்ணிப் பத்தரிடம் வேலை கொடுங்கள். தையிலும் ஆவணியிலும் கல்யாண வேலை குவியும். தாலிக்கொடியை ஒதுக்கிவிட்டு உங்கள் வெற்றுக் குண்டை யாரும் கையில் எடுக்க மாட்டார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக் காலத்திலும் ஊரில் ஆள் பிடிப்பது கஷ்டம்.

10. பொதி கட்டி அனுப்புதல்

வெள்ளியை ரப்பர் பட்டி போட்டுக் கட்டாதீர்கள். ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். பட்டி பட்ட இடம் கோடாகத் தெரியும். பத்திரிகைத் தாளும் வேண்டாம், கம்பளியும் வேண்டாம். வெளுக்காத பருத்தித் துணியில் சுற்றி, காற்றுப் போகாத பையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்று வையுங்கள். பன்புல் துண்டை இரண்டு நாள் நிழலில் காய வைத்த பிறகே மூடுங்கள்.

பொன்னையும் வெள்ளியையும் காப்புறுதி இல்லாத சாதாரண வெளிநாட்டுத் தபாலில் வைக்கக் கூடாது. அது சர்வதேசத் தபால் விதி. கூரியர் நிறுவனமும் நகை எடுக்குமா என்று எழுத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். வெள்ளி, பொன் நகை ஏற்றுமதிக்கு இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபை வழியாகப் போக வேண்டும். குறைந்தது மூன்று கிழமை முன்பே தொடங்குங்கள்.

காட்சி முடிந்து திரும்பி வர வேண்டிய துண்டு என்றால், போகும்போதே தற்காலிக ஏற்றுமதி என்று சுங்கத்தில் பதியுங்கள். இல்லாவிட்டால் உங்கள் கையால் செய்தது உங்களிடமே திரும்பி வரும்போது இறக்குமதித் தீர்வை கேட்பார்கள். பல நாடு சுற்றும் காட்சிக்கு ஏ.டி.ஏ. கார்னே என்ற பத்திரம் இருக்கிறது, ஒரு வருடம் செல்லும். அதற்குப் பிணைக் காசு வைக்க வேண்டும் என்பதால் ஓரிரு துண்டுக்கு எடுப்பது பயனில்லை.

பெட்டிக்குள் மேலாக ஒரு தாள் வையுங்கள்: எப்படி எடுப்பது, எப்படிப் போடுவது, எந்த வரிசையில் திரும்பச் சுற்றுவது. தம்பி அதைப் படமாக வரைவான், ஐந்து கட்டம், சொல் இல்லாமல். கீழே இருவரும் கையெழுத்து வைப்போம், அவன் இடது பக்கம், நான் வலது பக்கம். ஒப்பந்தத்தின் மூன்றாம் வரியில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.